பின்சீட்டு பெல்ட்

"தலைப்பக்கம் தூக்குங்க. இன்னும் கொஞ்சம். சுவத்துல இடிச்சிடாதீங்க" என்று மாடிப்படி வளைவில் ஸ்ட்ரெச்சரைத் திருப்பினான் டிரைவர். செத்தவருக்கு இடித்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் வருஷக்கணக்காக ஒரே ஆம்புலன்சில் ஓடியவர்கள்; இவன் முன்னால், அவர் பின்னால் நோயாளியோடு. உயிரோடு இருந்தவரை எட்டிப் பார்க்காத கம்பெனி இன்று வண்டியை மட்டும் ஓசியில் அனுப்பியிருந்தது.

அவர் மனைவி பின்னாலேயே இறங்கினாள். வண்டி கவிழ்ந்த அன்று அவர் பின்னால் நின்றபடி, மூச்சு நின்ற ஒரு கிழவருக்கு நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். முதுகுத்தண்டு போயிற்று. வைத்தியத்தை இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். பாதியில் நிறுத்திவிட்டார்கள். பெல்ட் போடாதது அவர் தப்பாம். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு எவனால் நெஞ்சை அழுத்த முடியும்? ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். படுக்கைப்புண் சீழ் பிடித்து ஆளையே கொண்டுபோய்விட்டது.

பெல்ட் விஷயத்தைச் சொன்னது யார்? கிழவர் அன்றே போய்விட்டார். மிச்சம் இருந்த டிரைவரைச் சந்தேகப்பட அவளுக்கு மனசு வரவில்லை. வாரம் தவறாமல் வந்து அவருக்குச் சவரம் செய்துவிட்டவன் அவன்.

வண்டிக்குள் ஸ்ட்ரெச்சரைப் பூட்டிக்கொண்டிருந்தவனிடம் இன்று கேட்டே விட்டாள்.

"நீதானே சொன்னே?"

அவன் கை நின்றது.

"கம்பெனியில கேட்டாங்க அண்ணி. இல்லேன்னா நான் ஓட்டினதுதான் தப்புன்னு வேலையை விட்டுத் தூக்கியிருப்பாங்க. எனக்கும் புள்ளைங்க இருக்கு."

"அவருக்குத் தெரியுமா?"

"நானே சொல்லிட்டேன். சவரம் பண்ணும்போது."

"என்ன சொன்னாரு?"

"இன்னொரு கன்னத்தைத் திருப்பிக் காட்டினாரு. அப்புறம், அவகிட்ட சொல்லாதேன்னாரு."

இவன் செய்தது ஒரு துரோகம் என்றால், அவர் வாயைத் திறக்காமல் போனது அவளுக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது. இவனுக்கு எத்தனை தடவை காபி போட்டுக் கொடுத்திருக்கிறாள். இரண்டு பேரும் அதைக் குடித்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

பின்னால் ஏறிக்கொண்டாள். அவன் முன்னால் போய் உட்கார்ந்து சாவியைத் திருகினான்.

"அண்ணி, பெல்ட் போட்டுக்கங்க" என்றான், பழக்கதோஷத்தில். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

அவள் சீட்டை விட்டு எழுந்தாள். ஸ்ட்ரெச்சர் ஓரமாகக் காலை அகட்டி நின்று, அவர் நெஞ்சின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டாள்.

"வண்டியை எடு."

வண்டி மெல்ல நகர்ந்தது. தெருமுனை வரை அவன் முதல் கியரை மாற்றவில்லை.