ஆரின்ரை பேரிலை துவக்கு

எங்கடை சனம் குவெஸ்துரா எண்ட பொலிஸ் கந்தோரிலை இருந்து கடுதாசி இன்னும் வரேல்லை எண்டுதான் அழும். இஞ்சை இருக்க விடுற பெர்மெஸ்ஸோ வரேல்லை, புதுப்பிக்கக் குடுத்தது வரேல்லை, பிள்ளையின்ரை பேர் ஏறேல்லை. பலெர்மோவிலை எந்தத் தமிழரை மறிச்சுக் கேட்டாலும் உந்த ஒப்பாரிதான். வந்திடுமோ வந்திடுமோ எண்டு பயந்து செத்தது நான் ஒருத்திதான். ஏனெண்டால் எங்களுக்கு வர இருந்தது பெர்மெஸ்ஸோ இல்லை. துவக்கு வாங்கலாம் எண்ட அனுமதி.

சிரிக்காதேங்கோ. என்ரை மனிசன் எமிலியானுஸ் பேசாலைக் கடற்கரையிலை பிறந்து வளந்த ஆள். அப்பிடி இருந்தும் நண்டை உயிரோடை சட்டியிலை போடமாட்டார். "நீரே போடும் ஸ்ரெல்லா" எண்டு சொல்லிப்போட்டு வெளியிலை போய் நிப்பார். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையிலை வாசகம் வாசிக்கிறவர். அந்த மனிசனுக்குத் துவக்கு! கேட்டால் கல்லும் சிரிக்கும்.

எல்லாத்துக்கும் காரணம் எங்கடை முதலாளி, சிஞ்ஞோர் சால்வோ. ஸ்ஃபெர்ராகவால்லோவிலை கடலைப் பாத்தபடி மீன் சாப்பாட்டுக் கடை வைச்சிருக்கிறவன். அவன்ரை வீட்டுக்குப் பின்பக்கம் ரெண்டு அறை, அதிலைதான் நாங்கள் இருந்தனாங்கள். நான் வீட்டு வேலை, இவர் கடையிலை. வேலை அவன்ரை, வீடு அவன்ரை, எங்கடை பெர்மெஸ்ஸோவுக்குக் குடுத்த விலாசமும் அவன்ரை. கெட்டவன் எண்டால் கூடப் பரவாயில்லை, திட்டிப்போட்டு வெளிக்கிடலாம். எனக்கு வயித்திலை ஒப்பரேசன் செய்யேக்கை தன்ரை காரிலை ஏத்திக்கொண்டு ஓடினவன். நான் திரும்பி வருமட்டும் அவன்ரை மனிசி ரீனா சூப் வைச்சு அனுப்பினவ. நல்லது செய்துபோட்டுச் சொல்லிக் காட்டாமல் நிக்கிற ஆக்களிட்டை இருந்து தப்புறது சரியான கஷ்டம் பாருங்கோ.

ரெண்டாயிரத்தி ஆறாம் ஆண்டு, பங்குனி மாதம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிஞ்சு கடை அடங்கின பிறகு ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கதிரையிலை இருத்தினான். முதலாளி வேலைக்காரரைக் கதிரையிலை இருத்தினால் என்ன எண்டு எனக்குத் தெரியாதோ?

"எமிலியோ, எனக்கு ஒரு பிஸ்டல் வேணும். என்ரை பேரிலை தரமாட்டாங்கள். இளமையிலை ஒரு கோட்டுக் கேஸ், அது இன்னும் எழுத்திலை கிடக்கு. உன்ரை பேரிலை ஒரு கறை இல்லை. நீ கேட்டு வாங்கு. வாங்கினாப் பிறகு அது என்ரை மேசை லாச்சியிலை சும்மா கிடக்கும்" எண்டான்.

சும்மா கிடக்கிறதுக்கு ஆரும் துவக்கு வாங்குவினமோ? தேப்பன் செத்த நாளிலை இருந்து இவனுக்கும் தம்பிக்காரனுக்கும் அந்தக் கடையிலை பங்குச் சண்டை. மாசியிலைதான் தம்பிக்காரன் வந்து முன் கண்ணாடியை உடைச்சுப்போட்டுப் போனவன். அந்தத் துவக்கு ஆரைப் பாத்து நிக்கப் போகுது எண்டு எனக்கு அங்கை இருந்தபடியே விளங்கினது. வெடிச்ச பிறகு பொலிஸ் ஆரின்ரை பேரைத் தேடிக்கொண்டு வரும்? எமிலியானுஸின்ரை பேரை.

இவர் என்ன செய்தவர் தெரியுமோ? "சீ, சிஞ்ஞோர்" எண்டார். 'ஓம் ஐயா' எண்டுறது, இத்தாலிக்கு வந்து முதல் படிச்ச சொல்லு அது. 'நோ' இண்டைவரைக்கும் படிக்கேல்லை.

அறைக்கு வந்து கதவைச் சாத்தினதுதான் தாமதம், நான் ஏறி விழுந்தன். "உங்களுக்கென்ன விசரோ? ஏன் ஓம் எண்டனியள்?"

"பின்னை என்ன சொல்லச் சொல்லுறீர்? இல்லை எண்டால் நாளைக்கு எங்கை போறது?"

அவர் கேட்டது நியாயம். அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

துவக்கு வைச்சிருக்கப் புத்தி சரியான ஆள்தான் எண்ட டொக்டர் கடுதாசியை சால்வோ தனக்குத் தெரிஞ்ச ஒரு டொக்டரிட்டை ஒழுங்கு செய்தான். சுடத் தெரியுமெண்டு காட்ட ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுட்டவராம். சுவரிலை கூடப் படக்கூடாது எண்டு நினைச்சாராம். எங்கடை பாழாப்போன அதிட்டம், குண்டு போய்க் குறி அட்டையிலை பட்டிட்டுது. எல்லாத்தையும் குவெஸ்துராவிலை கொண்டுபோய்க் குடுத்தபோது, உடனை கிடையாது, விசாரிக்க வேணும், பொறுத்திருங்கோ எண்டு சொல்லியிருக்கினம்.

சால்வோ அண்டைக்கு முழுக்கச் சட்டத்தைத் திட்டினான். நானோ அந்தச் சட்டம் எழுதின புண்ணியவானுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினன். எங்கடை நாட்டிலை துவக்குக்கு ஆரும் காத்திருந்ததில்லை. தேடாமலே படலையைத் தள்ளிக்கொண்டு வரும். இஞ்சை துவக்கைக் கூட வரிசையிலை நிக்க வைச்சிருக்கிறாங்கள் எண்டு நினைக்க எனக்கு ஒரு சின்ன நம்பிக்கை.

ஆனால் காத்திருக்கிறது லேசான வேலையோ? தபால்காரன்ரை மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டால் கையிலை இருக்கிற கோப்பையை வைச்சிட்டு யன்னலடிக்கு ஓடுவன். சால்வோ காலமையும் பின்னேரமும் "வந்ததோ?" எண்டு கேப்பான். இல்லை எண்டால் இவரின்ரை தோளிலை தட்டுவான், ஏதோ இவர்தான் ஏமாந்துபோனவர் மாதிரி. வேறை வேலை பாத்தன். நகரத்துக்குள்ளை சீசா எண்ட பகுதியிலை ஒரு கிழவிக்குப் பகலிலை ஆள் தேவை எண்டு கேள்விப்பட்டுப் போனன். இருக்க இடம் தரமாட்டம், வேலைக் கடுதாசியிலை கையெழுத்தும் வைக்கமாட்டம் எண்டிட்டினம். பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற வருசத்திலை வேலைக் கடுதாசியும் விலாசமும் இல்லாமல் வெளிக்கிட்டால் வீதியிலை நிக்க வேண்டியதுதான். இருதலைக் கொள்ளி எறும்பு எண்டு ஊரிலை சும்மா சொல்லுவம். அந்த எறும்பின்ரை பாடு அப்பதான் எனக்கு விளங்கினது.

கடைசியிலை இந்த ஊரைக் காக்கிற புனிதை சாந்தா ரோசலியாவிட்டைப் போனன். அவவின்ரை குகைக் கோயில் இருக்கிற மலையிலை செருப்பில்லாமல் ஏறினன். எங்கடை ஆக்கள் ஞாயிறு எண்டால் அங்கைதானே, சைவக்காரரும் வேதக்காரரும் ஒண்டா ஏறுவினம். போர்கோ வெக்கியோவிலை இருக்கிற என்ரை சிநேகிதி யோசப்பினும் வந்தவள். குகைக்குள்ளை எல்லாரும் கடுதாசி வரவேணும் எண்டு கும்பிடுகினம். நான் மட்டும், "அம்மா, எல்லாருக்கும் குடு, எங்களுக்கு மட்டும் குடுக்காதை" எண்டு மண்டாடுறன்.

"என்னடி நேர்த்தி?" எண்டாள் யோசப்பின்.

"குவெஸ்துராக் கடுதாசி விசயம்."

"அழாதை, கட்டாயம் வரும்! அம்மாள் கைவிடமாட்டா" எண்டு முதுகைத் தடவினாள். எனக்கு வந்த கடுப்புக்கு அவளை மலையாலை தள்ளிவிட்டிருப்பன்.

வைகாசியிலை விசாரிக்க ஆள் வந்தது. ஒரு பெண் இன்ஸ்பெக்டர், நரைச்ச தலை, அன்பான முகம். இவரோடை கதைச்சு முடிச்சு, என்னோடை தனியக் கதைக்க வேணுமெண்டு குசினிக்கு வந்தா. யன்னலுக்கு வெளியிலை சால்வோ பூச்சாடிக்குத் தண்ணி விடுறான். ஒரே சாடிக்குத்தான், நிரம்பி வழியுது, அவன் நகரேல்லை.

"உங்கடை கணவருக்கு ஏன் பிஸ்டல்?" எண்டா.

கடைக் காசோடை இருட்டிலை வாறவர், பயம், எண்டு சொல்லச் சொல்லி சால்வோ பாடமாக்கி விட்டிருந்தவன். அதைச் சொன்னால் துவக்கு வரும். உண்மையைச் சொன்னால் யன்னலுக்கு வெளியிலை கேக்கும். நான் அடுப்பைத் துடைக்கத் தொடங்கினன்.

அவ தன்ரை வழமைக் கேள்வியளைக் கேட்டுக்கொண்டு போனா. வீட்டிலை வருத்தம் ஏதும் இருக்கோ, குடி இருக்கோ, சண்டை சச்சரவு ஏதும் இருக்கோ? என்ரை முழங்கையிலை எண்ணெய் தெறிச்சுக் கண்டிப்போன காயம் ஒண்டு. அவவின்ரை கண் அதிலை நிண்டது. நான் கையை இழுத்துச் சீலைத் துணியாலை மறைச்சன். ஏன் மறைச்சன் எண்டு மாதாவுக்குத்தான் தெரியும். பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கே கேளாத மாதிரிச் சொன்னன்.

"அடிக்கிறவர்."

அவ பேனையை வைச்சிட்டு என்ரை கையைப் பிடிச்சா. முறைப்பாடு குடுக்கப் போறீங்களோ எண்டு கேட்டா. "வேண்டாம், வேண்டாம்! துவக்கு மட்டும் குடுத்திடாதேங்கோ" எண்டு அழுதன். சொன்னது பொய், அழுகை சத்தியமா உண்மை. பொம்பிளையளுக்கு உதவுற ஒரு இடத்தின்ரை நம்பரை எழுதித் தந்திட்டுப் போனா.

பின்னேரம் இவரிட்டைச் சொன்னன். கால் கழுவிக்கொண்டு நிண்டவர், தண்ணியை நிப்பாட்டாமல் அப்பிடியே நிண்டார்.

"வேறை ஒண்டும் வாயிலை வரேல்லையோ? விசரன் எண்டு சொல்லியிருக்கலாமே."

"டொக்டர் கடுதாசி குடுத்திட்டாரே."

"குடிகாரன் எண்டு?"

ஐயோ, அது எனக்கு ஓடவே இல்லை. அவரின்ரை முகத்தைப் பாத்து நான் விக்கி விக்கி அழுதன். அவர்தான் என்னைத் தேற்றினார். "துவக்கு வராதெல்லே. அது காணும்" எண்டார்.

வரேல்லைத்தான். ஆடி மாதம், இத்தாலி உலகக் கிண்ணம் வெண்டு ஊரெல்லாம் கோர்ன் அடிச்சுக்கொண்டு திரிஞ்ச கிழமை, இல்லை எண்டு கடுதாசி வந்தது. வந்தது சால்வோவின்ரை விலாசத்துக்கு, உடைச்சவனும் அவன்தான். வீட்டு நிலைமை சரியில்லை எண்டு அதிலை இருந்ததாம். அவன் ஆரையோ பிடிச்சு என்ன நிலைமை எண்டும் அறிஞ்சிட்டான். எங்களை வெளியிலை போடப் போறான் எண்டு நான் உடுப்புகளை அடுக்கிக்கொண்டு நிக்க, அவன் வந்து இவரின்ரை முதுகிலை ஓங்கித் தட்டிச் சிரிச்சான்.

"எமிலியோ! உனக்குள்ளை இப்பிடி ஒரு சிங்கம் இருக்கெண்டு எனக்குத் தெரியாமப் போச்சே!"

இவர் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார். அந்த நிலையை நான் என்ரை சீவனுக்கும் மறக்கமாட்டன்.

சால்வோ மனிசிக்குச் சொன்னான். ரீனா தன்ரை தமக்கைக்குச் சொன்னா. தமக்கை வீட்டிலை கூட்டித் துடைக்கிறது ஆர்? யோசப்பின். பிறகு கேக்க வேணுமோ, ஊர்வாயை மூட உலைமூடி இருக்கோ? அடுத்த ஞாயிறு பூசை வைக்கிற சுவாமி இவரைக் கூப்பிட்டு, வாசகம் கொஞ்ச நாளைக்கு வேறை ஆக்கள் வாசிக்கட்டும் எண்டார். பொம்பிளையள் இவரின்ரை முகத்துக்குத் தோத்திரம் சொல்லாமல் திரும்பிச்சினம். ஒரு நாளும் மதியாத ரெண்டு ஆம்பிளையள் வந்து, அடியாத மாடு படியாது, நீர் செய்தது சரி எண்டு இவரின்ரை கையைக் குலுக்கினாங்கள். எனக்கு அங்கையே செருப்பைக் கழட்ட வேணும் போலை இருந்தது.

இவர் என்னை ஒரு சொல்லுப் பேசேல்லை. ஆனால் ஆக்கள் நிக்கேக்கை எனக்குப் பக்கத்திலை கையைத் தூக்கமாட்டார். மேல்தட்டிலை இருக்கிற சீனிப் பேணியைக் கூட, நான் விலகினாப் பிறகுதான் எட்டி எடுப்பார். பேசியிருந்தால் தாங்கியிருப்பன். கோயில் வாசலிலை நிண்டு, இந்த மனிசன் என்னைத் தொட்டு அடிச்சதில்லையடி பாவியளே எண்டு கத்த வேணும் போலை இருக்கும். கத்தினால் பிறகு ஏன் பொய் சொன்னனி எண்டு கேப்பினம். அந்தக் கதை யோசப்பினின்ரை வாயாலை ரெண்டு நாளிலை சால்வோவின்ரை காதுக்குப் போயிடும். அதாலை வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன். துவக்கு வரேல்லை, அவரின்ரை பேர் தப்பிச்சுது எண்ட ஒரு ஆறுதல்தான்.

ஆவணி கடைசியிலை நான் சேட்டுகள் அயன் பண்ணிக்கொண்டு நிக்க சால்வோ வந்தான். ரீனாவும் பின்னாலை வந்து நிண்டா. ரெண்டு பேரின்ரை முகத்திலையும் அப்பிடி ஒரு இரக்கம்.

"ஸ்ரெல்லா, நான் வடிவா யோசிச்சனான்" எண்டான். "எமிலியோவுக்கு சீசாவிலை ஒரு அறை பாத்திருக்கிறன். அங்கை எனக்குத் தெரிஞ்சவன்ரை கடையிலை வேலையும் இருக்கு, கையெழுத்து வைச்ச வேலை. விலாசத்தை அங்கை மாத்திவிடுவம். நீ இஞ்சை எங்களோடை இரு. இனி அவன் உன்னிலை கை வைக்க ஏலாது."

"சிஞ்ஞோர்..."

"பொறு. அவன் போன பிறகு நீ கேள். அடிக்கிற புருசனை விட்டுப் பிரிஞ்சு தனிய இருக்கிற பொம்பிளை. பொலிஸே தன்ரை கையாலை எழுதி வைச்சிருக்கு. அவள் தன்ரை பாதுகாப்புக்கு ஒரு பிஸ்டல் கேட்டால் ஆர் இல்லை எண்டு சொல்லப் போறான்? உன்ரை பேரிலை எடுப்பம்."

கிணறு வெட்டப் பூதம் வெளிக்கிட்டது எண்டு சொல்லுறது இதைத்தான். அதுவும் என்ரை கையாலை வெட்டின கிணறு.

"அவர் என்னை ஒரு நாளும் அடிச்சதில்லை, சிஞ்ஞோர். சத்தியமா, ஒரு நாளும் இல்லை" எண்டன்.

சால்வோ ரீனாவைப் பாத்தான். ரீனா தலையை ஆட்டினா. "எல்லாப் பொம்பிளையளும் உப்பிடித்தான் சொல்லுவினம்" எண்டா மெல்லமா.

நம்ப வைக்கிறதெண்டால் பொய் ஏன் சொன்னனான் எண்டும் சொல்ல வேணும். உன்ரை துவக்கை மறிக்கத்தான் சொன்னனான் எண்டு அவன்ரை முகத்தைப் பாத்துச் சொல்ல வேணும். நான் அடுத்த சேட்டை விரிச்சு அயன் பண்ணினன்.

அண்டைக்குப் பின்னேரமே சால்வோ காரை முத்தத்திலை கொண்டுவந்து நிப்பாட்டினான். இவர் ஒரு பையோடை வெளியிலை வந்தார். நான் அவரிட்டை ஓடிப்போகக் கதவடிக்கு வந்தன். ரீனா என்னைக் கட்டிப் பிடிச்சு உள்ளை இழுத்தா. நான் திமிறுறன், கத்துறன், அவ விடேல்லை, பயத்திலை கத்துறன் எண்டு நினைச்சா. யன்னலாலை பாக்க, சால்வோ இவரின்ரை முழங்கையைப் பிடிச்சு, பொலிஸ் கள்ளனை ஏத்துற மாதிரிக் காரிலை ஏத்தினான். இவர் வீட்டுப் பக்கம் திரும்பினார், கை தூக்கேல்லை. கார் வெளிக்கிட்டுது.

ரீனா என்ரை தலையைத் தன்ரை நெஞ்சிலை சாய்ச்சுத் தடவிக்கொண்டே சொன்னா: "போயிட்டான், இனிப் பயப்பிடாதை மகள். டொக்டர் கடுதாசிக்கு நாளைக்குக் காலமை நானே உன்னைக் கூட்டிக்கொண்டு போறன்."