அளக்காத இரண்டு மாதங்கள்

மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய மறுநாள் காலை, பாயில் மல்லாந்து படுத்த சென்னியப்பனின் வயிற்றில் கமலாத்தாள் கை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன புள்ள, எண்ணிக்கை மறந்து போச்சா? ஒண்ணு, ரெண்டு, மூணு. அவ்வளவுதான். எந்திரிக்கட்டுமா?"

"பேசாம படுங்க. மூச்சை விடுங்க."

தொப்புளுக்கு மேலே துடிப்பின் இந்தக் கரையில் இடது கட்டைவிரலை நிறுத்தினாள். அந்தக் கரை வரைக்கும் வலது கை விரல்களை ஒன்றை ஒட்டி ஒன்றாக அடுக்கினாள். மூன்று விரல் போய், சுண்டுவிரலும் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது. எடுத்துவிட்டு மறுபடி அடுக்கினாள். மறுபடியும் நாலு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எழுபத்தைந்து பிப்ரவரியில், மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சென்னியப்பனுக்கு வயிற்றைத் திறந்தார்கள். நெஞ்சிலிருந்து கால்களுக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய், சைக்கிள் டியூப் ஒரு இடத்தில் நைந்து புடைப்பது போலப் புடைத்திருந்தது. அந்த இடத்தை வெட்டித் திறந்து நூலால் நெய்த துணிக்குழாயை வைத்துத் தைத்தார் டாக்டர் பொன்ராஜ். திருநெல்வேலிக்காரர். வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்குக் கமலாத்தாளைக் கூப்பிட்டு, அவள் கையைப் பிடித்துப் புருஷன் வயிற்றில் வைத்து அளக்கக் கற்றுக்கொடுத்தார். "தைச்சதோட நம்ம வேலை முடியல. வருஷத்துக்கு ஒரு எக்ஸ்ரே படம் நான் எடுத்துக்கிடுதேன். நடுவுல பன்னிரண்டு மாசம் இருக்கே, அதை நீங்கதான் பாக்கணும். மூணு விரல் இருக்கிற வரைக்கும் கார்டு போடுங்க. நாலு ஆச்சுன்னா கார்டு போடாதீங்க, கிளம்பி வந்துருங்க."

அச்சடித்த கார்டுகளை ஒரு கட்டாகக் கொடுத்தார். மூன்றே கேள்வி. துடிப்பு எத்தனை விரல் அகலம், இரண்டு பாதத்திலும் நாடி தட்டுப்படுகிறதா, இடுப்பிலோ முதுகிலோ வலி உண்டா. கொழிஞ்சாம்பாறையில் எட்டாவது வரை படித்த கமலாத்தாள் மாசம் ஒண்ணாம் தேதி தவறாமல் அளந்து எழுதினாள். கேட்டதற்கு மேலேயும் எழுதுவாள். 'மூணு. சாப்பிட்டுச் சற்று நேரம் கழித்து அளந்தது.' 'மூணு. இருமலாக இருக்கிறார்.' இப்படி இருபத்தொரு கார்டு போயிற்று.

பிழைத்து எழுந்தால் மலைக்கு மாலை போடுகிறேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சென்னியப்பன் வேண்டிக்கொண்டிருந்தார். போன கார்த்திகை ஒண்ணாம் தேதி போட்டும் கொண்டார். அன்று முதல் அவர் வீட்டுக்குச் சாமி. "சாமி, சாப்புட வாங்க" என்று கூப்பிட்டுவிட்டுக் கமலாத்தாள் நாலடி தள்ளி நிற்பாள். மாலை போட்ட உடம்பைப் பெண்சாதி தொடக் கூடாது. டிசம்பர் ஒண்ணாம் தேதி கார்டை எடுத்து வைத்துக்கொண்டு, "கொழுந்தனாரையாவது அளக்கச் சொல்லட்டுங்களா சாமி?" என்று கேட்டாள்.

"அவன் எதுக்கு? இருபத்தோரு மாசமா மூணு. சாமி காரியத்துல இருக்கறப்பத்தான் நாலாகப் போகுதா? மூணுன்னு எழுது."

எழுதினாள். ஜனவரியிலும் எழுதினாள். விரதம் என்றோ, மலை ஏறப் போகிறார் என்றோ எழுதவில்லை. எழுதினால் டாக்டர் போகாதே என்பார். நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் விடுவதற்கு அவளுக்கும் பயம்தான்.

இப்போது நாலு. மறுநாள் அளந்தாள், நாலு. அதற்கும் மறுநாள், மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு அளந்தாள். நாலேதான். வேலந்தாவளம் வரைக்கும் மாட்டுவண்டி, கோயமுத்தூருக்குப் பஸ், அங்கிருந்து ரயில். அந்த வருஷம் ரயில்கள் சொன்ன நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. இருபதாம் தேதி காலையில் டாக்டர் முன்னால் இருந்தார்கள்.

டாக்டர் தொட்டுப் பார்த்தார். பக்கவாட்டில் படுக்க வைத்துப் படம் எடுத்து வரச் சொன்னார். போன மே மாசத்துப் படத்தையும் இன்றைய படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தார். படத்தில் துணிக்குழாய் தெரியாது. அதற்கு மேலே பழைய குழாயின் சுவர் சுண்ணாம்பேறிப்போன இடம் மட்டும் நகக்கீறல் மாதிரி வெள்ளையாக விழும். அந்தக் கீறல் சற்று வெளியே வளைந்திருந்தது.

"மேல் தையல் பக்கத்துல ஊதியிருக்கு. இது எட்டு மாசத்துல வந்ததா, எட்டு நாள்ல வந்ததான்னு படம் சொல்லாது. அதை இதுதான் சொல்லும்." கட்டை அவிழ்த்துக் கமலாத்தாளின் கார்டுகளை மேஜையில் வரிசையாகப் பரப்பினார். "ஜனவரி ஒண்ணு, மூணு. இன்னைக்கு இருபது, நாலு. இருபது நாள்ல ஒரு விரல்! இது நிக்காதும்மா. நாளைக் காலையிலயே திறந்துரணும்."

"பொழைச்சுக்குவாருங்களா?"

"ரெண்டாவது தடவை. உள்ள எல்லாம் ஒட்டிக் கிடக்கும். பிரஷரும் ஏறி நிக்குது. பாதிக்குப் பாதின்னு வெச்சுக்கோங்க. திறக்காம விட்டா அந்தப் பாதியும் இல்ல."

கமலாத்தாள் கார்டுகளைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் மூணுக்குப் பக்கத்தில் ஏதாவது இரண்டு வார்த்தை இருந்தது. கடைசி இரண்டில் மட்டும் வெறும் மூணு. எழுத்து என்னவோ அந்த இரண்டில்தான் அழகாக இருந்தது. இந்த இரண்டை நம்பித்தான் இவர் நாளைக்குக் கத்தியை எடுக்கப் போகிறார் என்று அவளுக்கு உறைத்தது.

"டாக்டருங்க, அந்தக் கார்டு..."

"புள்ள." சென்னியப்பன் தாழ்ந்த குரலில் தடுத்தார். "அறுக்கறதுன்னா அறுக்கட்டும். சாமி பேரை இழுக்காத."

"சாமியை ஆரு இழுத்தா? எழுதுனது நானு." டாக்டர் பக்கம் திரும்பினாள். "அந்த ரெண்டு கார்டும் கை வெக்காம எழுதுனதுங்க. இவரு மாலை போட்டிருந்தாரு. நான் தொடலீங்க. மலைக்கும் போய்ட்டு வந்தாரு."

டாக்டர் அந்த இரண்டு கார்டையும் வரிசையிலிருந்து எடுத்துத் தனியே கவிழ்த்து வைத்தார்.

"கடைசியா கை வெச்சு அளந்தது என்னைக்கு?"

"நவம்பர் ஒண்ணுங்க. மூணு. அப்புறம் இந்தப் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. மூணு நாளும் நாலுதானுங்க."

"கூடலையே?"

"கூடலீங்க. மூணு நாளும் அதே சுண்டுவிரல்தான், அதே எடந்தான்."

"எழுபத்தேழு நாள்ல ஒரு விரல். அதுவும் மலை ஏறி இறங்கி." பேனாவை மூடினார். "அப்போ நாளைக்கு வேண்டாம். பத்து நாள் இங்கேயே வெச்சு பிரஷரை இறக்குவோம். தினம் அளப்போம். கூடுதா பாப்போம்." பிறகுதான் கோபம் வந்தது. "உங்க கார்டு வராம இருந்திருந்தா, என்ன ஆச்சுன்னு தந்தி குடுத்துக் கேட்டிருப்பேன். மூணுன்னு வந்ததுனால மத்த கார்டோட சேர்த்து எடுத்து வெச்சுட்டேன். புரியுதா?"

"நாந்தானுங்க எழுதச் சொன்னது" என்றார் சென்னியப்பன்.

"உங்க விரதத்தை நான் ஒண்ணும் சொல்லல. வீட்டுல வேற ஆம்பளை இல்லையா? அவர் தொட்டா விரதம் கெட்டுருமா?"

"தம்பி ஆறுச்சாமி இருக்கறானுங்க. அவன் தொட்டா ஒண்ணுமில்லீங்க."

"அப்புறம் என்ன?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தார். "அவங்கிட்ட வயித்தைக் காட்ட வெக்கமா இருந்துச்சுங்க."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, மேஜையிலிருந்த அளவுகோலை எடுத்துக் கமலாத்தாளின் நாலு விரலையும் சேர்த்து வைத்து அளந்து குறித்துக்கொண்டார்.

பத்து நாளும் நாலு. பதினோராவது நாள் மாத்திரையும் புதுக் கார்டுக் கட்டும் கொடுத்து அனுப்பினார். இனிமேல் வாரத்துக்கு ஒன்று. திறப்பதா வேண்டாமா என்பதைச் சித்திரையில் அடுத்த படத்தைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். ஒவ்வொரு கார்டிலும் மூன்று கேள்விக்குக் கீழே தன் கையாலேயே ஒரு வரி எழுதியிருந்தார்: 'அளக்க முடியாமல் போனால், ஏன்?'

சொந்த ஊர் வடகரப்பதிக்குத் திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கமலாத்தாள் கொழுந்தனார் ஆறுச்சாமியை வரவழைத்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்த கையை அவர் வேட்டியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணா, கூச்சமா இருக்குதா?"

"எருமை கழுவற கையை வெச்சுட்டுக் கேக்கறதைப் பாரு. அழுத்தாதடா!"

"நீ சிரிச்சீன்னா துடிப்பு ஓடுது." ஆறுச்சாமி அண்ணி பக்கம் திரும்பினார். "எப்படி நங்கையா இத்தனை நாளா இந்த மனுசனை அளந்தீங்க?"

"அவருகிட்டப் பேச்சுக் குடுக்காம அளக்கோணுமுங்க. கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் தள்ளி வெய்யுங்க. அங்கதான் கரை."

ஆறுச்சாமியின் தடித்த விரலுக்கு மூன்றுதான் வந்தது. படுத்திருந்தவர் தலையைத் தூக்கினார். "பாத்தியா? மூணு! அதையே எழுதிரு."

கமலாத்தாள் தானும் ஒரு தடவை அடுக்கிப் பார்த்தாள். பாதத்தில் நாடி பார்த்தாள். கார்டை எடுத்து எழுத உட்கார்ந்தாள். 'கொழுந்தனார் விரலுக்கு மூணு. என் விரலுக்கு நாலு. இரண்டு பாதத்திலும் நாடி இருக்கிறது. வலி இல்லை என்கிறார்.'

"வர்ற கார்த்திகைக்கு மறுபடி மாலை போடலாமான்னு நெனைக்கறன்" என்றார் சென்னியப்பன், கூரையைப் பார்த்தபடி.

"போடுங்க. கொழுந்தனாரு அளப்பாரு. மலை ஏறறதை டாக்டரைக் கேட்டுக்கலாம்."

"கேட்டா வேண்டாம்பாரு."

"அப்ப வேண்டாமுங்க."

'என்கிறார்' என்பதைப் படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "நெசமா வலி இல்லீங்களா?"

சென்னியப்பன் சற்று யோசித்தார். "இடுப்புல, எடப்பக்கம், காலையில எந்திரிக்கறப்ப கொஞ்சம். ரெண்டு நாளா."

அவள் கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு, அவர் சொன்னதை அதற்கு மேலே நுணுக்கி எழுதினாள். பிறகு ஆறுச்சாமியிடம் கார்டைக் கொடுக்காமல், தானே எடுத்துக்கொண்டு தபால் பெட்டிக்கு நடந்தாள்.