எங்கே தொடங்கியது

மேட்டில் ஓட்டப் பழகும் மாணவி பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் கார் பின்னால் உருண்டது. பயிற்சியாளரான எண்டாங் தன் பக்கமுள்ள பிரேக்கை மிதித்தாள். மிதித்ததாகத்தான் நினைத்தாள். முழங்காலில் சுரீரென்று இழுத்து, கால் பாதியிலேயே நின்றுவிட்டது. பின்னால் நின்ற பக்சோ சூப் தள்ளுவண்டி இடிபட்டுச் சாய்ந்து, இறைச்சி உருண்டைகள் மலாங் நகரத்துச் சரிவில் உருண்டோடின. நல்லவேளை, கொதிக்கும் சூப் யார்மேலும் படவில்லை. மாணவி அழுதாள். எண்டாங்குக்குக் குழப்பமாக இருந்தது. நேற்றுவரை வலித்தது இடது தோள். காலையில் அது லேசானதும் சரியாகிவிட்டது என்று நம்பித்தான் வண்டியில் ஏறியிருந்தாள்.

“காலு சரியானதும் வாம்மா. அதுவரைக்கும் வண்டிய தொடாத” என்றார் பயிற்சிப் பள்ளி முதலாளி. காலா, தோளா, எது சரியானதும் என்று அவளுக்கே தெரியவில்லை.

உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி நாணயத்தால் முதுகைச் சுரண்டிச் சிவக்க வைத்திருந்தாள். மாதவிலக்கு நிற்கும் வயது என்றாள் அக்கா. முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. கணவன் புர்வோ சாப்பிடும்போது கேட்டான்: “போன வாரம் தாடை, நேத்து தோளு, இன்னைக்கு முட்டி. உன் வலி என்ன வாடகை வீட்டுலயா குடியிருக்கு?” மகள் லாராஸ் சிரித்தாள். எண்டாங்கும் சிரித்தாள். ஆனால் தனியாக இருக்கும்போது கையை அழுத்திப் பார்த்துக்கொள்வாள். வலிக்கிறதா, வலிப்பதாக நினைக்கிறேனா? அவளுக்கே நிச்சயமில்லாமல் போயிருந்தது.

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மூவருமாக மருத்துவமனைக்குப் போனார்கள்.

“எப்ப ஆரம்பிச்சது?” என்று கேட்டார் மருத்துவர். எண்டாங்கைவிட இளையவர்.

“ஒரு கொசுக் காய்ச்சல் வந்துச்சு டாக்டர், அதுக்கப்புறம்” என்றாள் எண்டாங்.

“இல்ல டாக்டர், இவ அம்மா தவறினதுக்கு அப்புறம்தான்” என்றான் புர்வோ. “ராத்திரியெல்லாம் தூங்காம புரளுவா.”

லாராஸ் தயங்கினாள். “அதுக்கும் முன்னாடிம்மா. நான் ஸ்கூல் போகும்போதே, எனக்குத் தலை பின்னிட்டு கைய உதறிக்கிட்டே இருப்ப.”

எண்டாங் அவளையே பார்த்தாள். அது வலியா? எல்லா அம்மாக்களுக்கும் கை அப்படித்தான் இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தாள்.

மருத்துவர் மூட்டுகளில் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கழுத்தோரம் கட்டைவிரலால் அழுத்தினார். எண்டாங்கின் கண்ணில் நீர் முட்டியது. புர்வோ பாதி எழுந்துவிட்டான். “மெதுவா டாக்டர்!”

“மெதுவாத்தான்” என்று சொல்லி, மருத்துவர் அதே விரலை அவன் கழுத்தோரம் வைத்து அதே அளவு அழுத்தினார். அவன் காத்திருந்தான். ஒன்றும் வலிக்கவில்லை. அந்த விரலையே வெறித்துப் பார்த்தான்.

“தைராய்டு, விட்டமின் எல்லாம் இன்னொரு தடவை பார்த்துடலாம். அந்தக் காய்ச்சல் விட்டுட்டுப் போன வலியாவும் இருக்கலாம். சிலருக்கு நரம்பே சின்னத் தொடுதலைக்கூட பெரிய வலியாக்கிடும். தூக்கம் கெட்டா இன்னும் கூடும். ஒரே காரணமாத்தான் இருக்கணும்னு இல்ல.”

“நெசமாவே வலிதானே டாக்டர்?”

“நெசமான வலிதான்.”

இதைக் கேட்டால் நிம்மதி வரும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். வரவில்லை. காய்ச்சலா, அம்மாவா, தூக்கமா? எதன்மேல் கோபப்படுவது?

வெளியே மழை பிடித்துக்கொண்டது. லாராஸ் தன் ஸ்கூட்டரில் கல்லூரிக்குப் போனாள். புர்வோவின் மோட்டார் சைக்கிளில் இருந்தது போர்வைபோல அகலமான ஒரே பச்சை மழைக்கோட்டு. அதை அவன் மாட்டிக்கொண்டு, பின்பக்கத்தை விரித்து அவள் தலைக்கு மேலும் போர்த்தினான். “உள்ள தள்ளி உட்காரு” என்றான். அன்று மிக மெதுவாக ஓட்டினான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் வண்டி ஏறக்குறைய நின்றேவிட்டது.

மழைக்கோட்டுக்குள் பச்சை இருட்டு. எந்தத் தெருவில் போகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் காலடியில் நழுவிப்போகும் ஈரத் தார்ச்சாலை மட்டும் தெரிந்தது. கன்னத்தை அவன் முதுகில் சாய்த்தாள். ஏதோ நடுங்கிக்கொண்டிருந்தது. தன் காலா, வண்டியா, அவன் முதுகா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.