மிச்ச வெயில்ல உருகின மனுஷன்

எல்லாரும் சௌக்கியமா? மூட்டு வலி, முதுகு வலியெல்லாம் தேவலையா? சாவகாசமா உக்காந்து படிங்க, அவசரமில்ல. ஐஸ் பேக்டரியில இருபத்தெட்டு வருஷம் பாளம் தூக்கினவர் ஒருத்தர், வேலையை விட்டு வீட்டுக்கு வந்து ஏழு வருஷமாகியும் அவர் உடம்புல ஏறின பனி எறங்கவே இல்ல. ரெண்டு கையும் மூடினது மூடினபடியே, விரல் விரிக்க முடியாம, வெள்ளைவெளேர்னு உறைஞ்சு கெடந்துது. அவர் பக்கத்துல வச்ச பால் நாலு நாளானாலும் கெடாது. தெருவுல யாராவது தக்காளி கூடுதலா வாங்கிட்டா அவர் மடியில கொண்டாந்து வச்சிட்டு, சாயங்காலமா வந்து எடுத்துட்டுப் போவாங்க. மனுஷன் சாது, ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

ஆனா பனி சும்மா இருக்குமா? மொத வருஷம் மணிக்கட்டோட நின்னுது, நாலாவது வருஷம் முழங்கைக்கு வந்துது, ஏழாவது வருஷம் தோள்பட்டையைத் தொட்டுடுச்சு. வந்து பாத்த நர்ஸம்மா, கதவைத் தட்டுற மாதிரி தோளைத் தட்டிப் பாத்துட்டு, "நெஞ்சுக்கு இன்னும் நாலு விரக்கடைதான் இருக்கு. மழைக்காலம் வர்றதுக்குள்ள எறக்கிடுங்க, இல்லேன்னா என்னைக் கூப்பிடாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. அவர் பொண்டாட்டி மோட்டாருக்குக் காயில் கட்டுறவ. அழுதுக்கிட்டு உக்காரல. குண்டான் குண்டானா வெந்நி வச்சா. அவர் கையை உள்ள விட்டதும் மேல ஏடு கட்டுற மாதிரி ஐஸ் கட்டிக்கிச்சு. நாலே நாள்ல சிலிண்டர் காலி. "இருபத்தெட்டு வருஷக் குளிருக்கு ஒரு குண்டான் வெந்நி எந்த மூலைக்கு? சூடு பத்தல, அவ்வளவுதான்"னு முடிவு பண்ணிட்டா.

அந்தத் தெருவுக்குக் கரண்ட்டுக் கம்பி வரல. அவ வீட்டு மாடியில ஆறு சோலார் பலகை, கீழ நாலு பாட்டரி, அதுலதான் வெளக்கு, பேன், காயில் சுத்துற மிஷின் எல்லாம். வெயில் காலத்துல பதினோரு மணிக்கே பாட்டரி ரொம்பிடும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அடிக்கிற வெயிலை எடுத்து வைக்க எடமில்ல, சும்மா போயிட்டிருந்துது. அந்த மிச்சம் மேலதான் அவ கண்ணு. பெரிய தகர டிரம்முல தண்ணி ரொப்பி, தானே ஹீட்டர் கம்பி சுத்தி உள்ள எறக்கினா. ஆத்திரத்துல நேரா பாட்டரியிலயே மாட்டிட்டா. பொழுது சாயறதுக்குள்ள நாலு பாட்டரியும் சார்ஜ் எறங்கிக் காலியாயிடுச்சு.

கூடவே இருந்த நாத்தனார் சும்மா விடுவாளா? "அண்ணி, அண்ணனுக்குக் குளிர் போச்சோ இல்லையோ, நமக்கு வெளிச்சம் போச்சு!"

"வாயை மூடிட்டு அந்த ஸ்க்ரூ டிரைவரை எடு."

மறுநாள் பாட்டரி வயிறாரச் சாப்ட்டு மிச்சம் வச்சாத்தான் டிரம்முக்குன்னு ஒரு ரிலே வச்சுக் கட்டினா. தண்ணி காஞ்சதும் தானா அணைய, பழைய இஸ்திரிப் பெட்டியிலேருந்து கழட்டின சுவிட்சையும் போட்டா. அங்கதான் சறுக்கினா. ஆயுசு பூரா லைன் கரண்ட்டு மோட்டாரையே பாத்தவ இல்லையா? லைன் கரண்ட்டு விட்டு விட்டு வரும், சுவிட்சு பிரிஞ்சா பொறி அணைஞ்சிடும். சோலார் கரண்ட்டு விடாம வரும், பொறி அணையாது. சுவிட்சோட ரெண்டு முனையும் உருகி ஒண்ணா ஒட்டிக்கிச்சு. டிரம் கொதிச்சுது, தளதளன்னு. நாத்தனார் ஓடி வந்து பாக்குறதுக்குள்ள அவர் தோள் வரைக்கும் கையை உள்ள விட்டாச்சு. அவ, "ஐயோ, அண்ணா!"ன்னு கத்தினா. அவர் நிதானமா, "இப்பத்தான் வெதுவெதுன்னு இருக்கு"ன்னாராம். அன்னிக்கு நகக்கண் அளவு பனி எறங்குச்சு.

அதுக்கப்புறம் பொண்டாட்டி அந்த ஒட்டின சுவிட்சைக் கழட்டவே இல்ல. ஆனா கணக்குப் போட்டுப் பாத்தா, ஒரு நாளைக்கு நகக்கண் அளவுன்னா மழைக்காலத்துக்குள்ள ஆகாது. எல்லா வெயிலும் டிரம்முக்கே போகணும்னு பேனை நிறுத்தினா, காயில் மிஷினையும் நிறுத்தினா. மோட்டாருக்கு மோட்டார் கையாலயே சுத்தினா, ஐநூறு சுத்து, அறுநூறு சுத்துன்னு வாய்விட்டு எண்ணிக்கிட்டே. உள்ளங்கை பிஞ்சுது, துணியைக் கட்டிக்கிட்டு சுத்தினா. நாத்தனார் பேசினா எண்ணிக்கை தப்பும்னு, பேசவே கூடாதுன்னுட்டா. அந்த வீட்டுல அதுதான் பெரிய அதிசயம்னு தெருவே சொல்லிச்சு, நாத்தனார் மூணு மாசம் வாயைத் திறக்கல. வழியில ஒரு வாரம் மேகம் மூடி, எறங்கின பனி ரெண்டு விரக்கடை திரும்ப ஏறிச்சு. அவ அண்ணாந்து பாத்து, "நீ எத்தனை நாளைக்கு மறைப்பேன்னு நானும் பாக்கறேன்"ன்னு சொல்லிட்டு, மாடியேறிப் பலகையெல்லாம் தொடைச்சு வச்சா.

மொத மழை விழறதுக்கு ஒன்பது நாள் முன்னாடி, மத்தியானம் ரெண்டரை மணிக்கு அவர் தோள்ல மடார்னு ஒரு சத்தம். விரல் நுனியிலேருந்து தண்ணி கொட்ட ஆரம்பிச்சுது. இருபத்தெட்டு வருஷ ஐஸு இல்லையா, நாப்பது நாள் நிக்காம ஓடிச்சு. மழைத்தண்ணி எது, அவர் தண்ணி எதுன்னு தெரியாம தெருவே ஈரமா கெடந்துது. தொவைக்கிறவங்க தொவைச்சாங்க, செடிக்கு ஊத்துறவங்க ஊத்தினாங்க. நாப்பத்தோராம் நாள் கை விரிஞ்சுது. விரிஞ்சதும் மொத வேலையா தன் முதுகைத் தானே சொறிஞ்சார், ஏழு வருஷத்து அரிப்பு, அரை மணி நேரம் யார் கூப்பிட்டும் திரும்பல. அவ வாசல்ல நின்னு பாத்துட்டு, உள்ள போய் மிஷினைப் போட்டா.

இப்ப அவர் சாதாரணமாத்தான் இருக்கார். தக்காளி கொண்டாந்தவங்கதான் கொஞ்ச நாள் மனசு சங்கடப்பட்டாங்க, அப்புறம் அவங்களும் பழகிட்டாங்க. உங்க பக்கத்துல இப்படி யாருக்காவது உடம்புல பனி தங்கியிருந்தா, எது வரைக்கும் ஏறிச்சு, எத்தனை டிரம் வெந்நியில எறங்குச்சுன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லதுதானே.