குழித்துறைக்குப் போன அப்பீல்

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்த வேன் ரோட்டிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் பக்கத்து வீட்டுத் தாணுமாலயன் மதில் கட்டக் கல் இறக்கியிருந்தான்.

"இனி உள்ள வராது மாமா. மாமிய நாற்காலியோட தூக்குவோம்" என்றான் டிரைவர் லிஜின்.

வாரம் இரண்டு நாள் சுகிர்தபாய்க்கு டயாலிசிஸ். கேரள எல்லைக்குள் குன்னத்துகாலில் இருந்த அந்த வீட்டுக்கு வேறு வழி கிடையாது. அந்த வழிக்காகத் தாணுமாலயன் மேல் போட்ட கேஸில் அவள் கணவர் ஜெயதாஸ் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வக்கீல் இல்லாமல் தானே வாதாடித் தோற்றிருந்தார். ஒரு சாட்சியைக்கூட அவர் கூப்பிடவில்லை. ஆனால், தமிழ் பேசியதால்தான் தோற்றோம் என்று ஊரெல்லாம் சொன்னார். அப்பீல் கொடுக்க அன்றுதான் கடைசி நாள்.

மார்த்தாண்டம் ஆஸ்பத்திரியில் மனைவியை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த குழித்துறை கோர்ட்டுக்கு ஓடினார். சபை, சந்தை, ஆஸ்பத்திரி எல்லாமே அவருக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில்தான். கோர்ட்டும் அப்படித்தான் என்று நினைத்தார்.

கவுண்டரில் இருந்த பெண் தாள்களைப் புரட்டினாள்.

"அண்ணா, இது கேரளா கோர்ட்டுத் தீர்ப்பு. அப்பீலும் அங்கதான் குடுக்கணும்."

"அங்க மலையாளம். இஞ்ச தமிழ்ல கேப்பாங்கல்லா, அதாக்கும் வந்தேன்."

"கேட்டாலும் இஞ்ச எடுக்க முடியாது."

"எனக்க பெஞ்சாதிக்க ரத்தத்த இஞ்ச சுத்தம் செய்யலாம், கேஸு மட்டும் ஆவாதா?"

பின்னால் நின்றவன் சிரித்தான். "நல்ல காலம் மாமா, அங்கயும் தமிழ்தான்னு நீரு கொழும்புக்குப் போவல்ல."

அவள் சிரிக்கவில்லை. "இன்னைக்குக் கடைசி நாளு. இப்பமே பஸ் பிடிங்க. அங்க இலவச சட்ட உதவி ஆபீஸ் உண்டு, கேளுங்க."

"ஓசி வக்கீலா? எனக்கு வேண்டாம். பெரிய ஆபீசர நான் பாக்கணும்."

பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். மாலையில் ஆபீசர் வந்து அதையேதான் சொன்னார். அங்கிருந்து பஸ் பிடித்தாலும் நெய்யாற்றின்கரையில் கவுண்டர் மூடியிருக்கும்.

மதியமே டயாலிசிஸ் முடிந்த சுகிர்தபாய் ஆஸ்பத்திரி வாசலில் சோர்ந்து கிடந்தாள். நடந்ததைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஓசி ஆபீஸுக்குப் போவ நான் எத்தன தடவ சொன்னேன்?"

"எனக்க வழியப் பத்தி எனக்குச் சொல்லத் தெரியாதாட்டீ?"

"தெரியும். எந்த வாசல்ல சொல்லணும்னுதான் தெரியாது. பாஷையால நீங்க தோக்கல்ல. ஒருத்தர்ட்ட கேக்க மானக்கேடுன்னு நெனச்சே தோத்தீங்க. அந்த மானத்துக்கு நாற்காலில தொங்கிட்டுப் போறது நானாக்கும்."

லிஜின் வேனின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான்.

மறுநாள் விடியும்போதே மதில் வேலை தொடங்கிவிட்டது. ஜெயதாஸ் சண்டைக்குப் போகாமல் நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறினார். சட்ட உதவி ஆபீஸில் பிஜி என்ற இளம் வக்கீல் எல்லாவற்றையும் கேட்டாள்.

"தாமதத்த மன்னிக்க மனு போடலாம். மதிலுக்குத் தடையும் கேக்கலாம். கிடைக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன். நேத்தே வந்திருந்தா இந்தத் தாமதத்துக்கான சண்ட இல்லாம போயிருக்கும்."

"எனக்கு இதொண்ணும் தெரியாது மோளே" என்றார் ஜெயதாஸ். தெரியாது என்ற சொல் வாயிலிருந்து வர அவருக்கு நேரம் பிடித்தது. "எங்க போவணும், என்ன செய்யணும்னு சொல்லித் தா. நியாயம் கையில இருந்தா போதும்னு நெனச்சேன். தெரியாதத தெரிஞ்சவங்ககிட்ட கேக்காதவனுக்கு நியாயமும் உதவாது."