தப்பாகச் சொன்ன ஸ்டாப்புகள்

சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சுவேதாவுக்குப் பதிமூன்று வயது. சர்க்கரை நோய் என்றார் டாக்டர். தினமும் இன்சுலின் ஊசி. வீட்டுக்குப் போன பிறகும் நிறுத்தக் கூடாது.

ஊசியைக் கண்டதும் அவள் போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் அம்மா சவரியம்மாள் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

"வீட்டுல நான்தான போடணும்? என்னால ஆவாது சிஸ்டர்."

நர்ஸ் மலர்க்கொடி அங்கே மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். வளரும் பிள்ளைகளுக்கு மருந்தில்லாமல் ஊசி வலியைக் குறைப்பதுதான் அந்த 2008-ஆம் வருஷம் அவள் எடுத்திருந்த ஆய்வு. ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். சுவேதா பந்தை அமுக்கிக்கொண்டே ஊசியைத்தான் பார்த்தாள்.

"நான் என்ன சின்னப் புள்ளையா, ஏமாத்தறீங்க?"

"ஏமாத்தல. வலிக்கும். அதையே பாத்துக்கிட்டிருந்தா ஜாஸ்தியா வலிக்கும்."

சுவேதா பந்தைக் கட்டிலில் போட்டாள்.

மறுநாள் அவள் அப்பா ராபர்ட் காக்கிச் சட்டையோடு வந்தார். கடலூர் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மலர்க்கொடி அவரைத் தனியே அழைத்து, மகளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள்.

"லீவு உட்டா என் பஸ்ஸுலதான் கெடப்பா. ஸ்டாப்பெல்லாம் மனப்பாடம்."

"அப்ப நான் ஊசி போடறப்ப அதையே சொல்லுங்கண்ணே. தப்புத் தப்பா சொல்லுங்க."

ராபர்ட் கட்டிலில் உட்கார்ந்தார். "சிதம்பரம், ஆலப்பாக்கம், முட்லூர்..."

"அப்பா! முட்லூர்தான் மொதல்ல வரும். புதுச்சத்திரத்த எங்க உட்ட?"

"அது கடலூர் தாண்டி இல்ல?"

"கடலூர் தாண்டியா? ஓனர் கேட்டா உன்ன எறக்கி உட்டுருவாரு! முட்லூரு, புதுச்சத்திரம், அப்புறம்..."

மலர்க்கொடி தொடையில் பஞ்சை அழுத்தியதும் சுவேதா நிறுத்தினாள்.

"போட்டாச்சா?"

"ஆச்சு. வலிச்சுதா?"

"கொஞ்சம்," என்றாள் சந்தேகமாக.

அடுத்த நாள் ராபர்ட்டுக்கு டியூட்டி. மலர்க்கொடி சவரியம்மாளின் கையில் சிரிஞ்சைக் கொடுத்து, அந்தக் கையைத் தானும் பிடித்துக்கொண்டாள். ஸ்டாப் பேரெல்லாம் சவரியம்மாளுக்குத் தெரியாது. பெண் பார்க்க வந்த அன்று ராபர்ட் காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கும் பயம் விட்டுப்போனது.

"அய்யய்யோ! அப்புறம்?" என்று சுவேதா சிரிக்கும்போதே ஊசி இறங்கிவிட்டது.

ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார்கள். சுவேதா தானே சிரிஞ்சில் மருந்தை எடுத்துத் தானே போட்டுக்கொண்டாள். குத்தும்போது முகம் சுளித்தாள், கூச்சல் இல்லை. பக்கத்தில் சவரியம்மாள் ஊசிப் பக்கம் திரும்பாமல் வெண்டைக்காய் விலையைப் பற்றி மலர்க்கொடியிடம் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள்.