அம்மா சாப்பிட்டு முடிக்கட்டும்

ஹேமாவதி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் குக்கரைத் திட்டினாள்.

“இன்னா அவசரம் உனக்கு? மூணு விசில் போதும். நிறுத்திக்கோ.”

குக்கர் மூன்றாவது விசிலோடு நிறுத்திக்கொண்டது. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. சமையலறை வாசலில் நின்ற சிவகுமார் அதைப் பார்த்தார்; பார்த்ததை நம்பவில்லை. ஒன்பது மாதமாக அவருக்குச் சரியான தூக்கம் கிடையாது. கண் எதையாவது காட்டும் என்று விட்டுவிட்டார்.

கீழ்க்கட்டளையில் அவர் அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில்தான் அந்த வீடு நின்றது. மேல்மாடியில் இரண்டு குடித்தனம், மேடவாக்கம் சாலையில் ஒரு டைல்ஸ் கடை. குறை ஒன்றுமில்லாத குடும்பம் என்றுதான் தெருவில் பெயர். போன மழைக்காலத்தில் சிவகுமாரின் மனைவி தீபா காய்ச்சல் என்று படுத்தாள். நான்காவது நாள் இல்லாமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தப் பொருளும் இருந்த இடத்தில் இருக்கவில்லை. பதினான்கு வயது வினிதா கோபம் வந்தால் கையில் கிடைத்ததை வீசுவாள். எப்போதும் கோபம் வந்தது. ஆறு மாதத்தில் ஐந்து வேலைக்காரப் பெண்கள் வந்து போய்விட்டார்கள். சிவகுமார் பாதி நாள் கடை திறப்பதில்லை. திறந்தால் வீட்டுக்கு வருவதில்லை.

ஏழு வயது துர்கா மட்டும் சத்தம் போடமாட்டாள், அடம் பிடிக்கமாட்டாள். சோறு மட்டும் சாப்பிடமாட்டாள். காலையில் அரை டம்ளர் பால், மிரட்டினால் இரண்டு பிஸ்கட், பள்ளியில் யாராவது கொடுத்தால் ஒரு வாழைப்பழம். தட்டில் சோறு வைத்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தாம்பரத்தில் இரண்டு டாக்டர்களைப் பார்த்தாயிற்று. எடை பதினைந்து கிலோவுக்கு வந்துவிட்டது. அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் அட்மிட் பண்ணி மூக்கு வழியாக டியூப் போட வேண்டியிருக்கும் என்று இரண்டாவது டாக்டர் சொன்னார்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் தீபாவின் அண்ணன் எத்திராஜ் குன்றத்தூரிலிருந்து போன் செய்தார். பதினாறாம் நாளுக்குப் பிறகு அவர் சிவகுமாரிடம் பேசிய முதல் பேச்சு அது.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரேன். என் கண்ணு முன்னாடி குழந்தை ஒரு வேளை சோறு சாப்பிடணும். இல்லைனா ரெண்டு பேரையும் கூட்டினு போயிடுவேன். என் தங்கச்சியைத்தான் விட்டுட்டேன்.”

“என் பொண்ணுங்க மச்சான் அதுங்க.”

“அப்ப பொண்ணு மாதிரி பாத்துக்கோ.”

அது புதன்கிழமை. வியாழன் காலை ஆறு மணிக்கு ஹேமாவதி ஒரு துணிப்பையோடு வாசலில் நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கோவளம் பக்கத்து மீனவக் குப்பம். தாம்பரம் ஏஜென்சியில் சொல்லி அனுப்பினார்கள் என்றாள். அந்த ஏஜென்சி, இனி உங்கள் வீட்டுக்கு அனுப்ப ஆளே இல்லை என்று முந்தின மாதமே சொல்லிவிட்டது. அது சிவகுமாருக்கு அன்று நினைவுக்கு வரவில்லை.

அவள் மனிதர்களிடம் அதிகம் பேசவில்லை. பொருட்களிடம்தான் பேசினாள். கூடத்தில் மலைபோல் குவிந்திருந்த துணிகளின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, “யாரு யாருது, அவங்கவங்க அலமாரிக்குப் போங்க. கூட்டம் போடாதீங்க” என்றாள். பல் விளக்கிவிட்டு வந்த வினிதா கூடத்தின் தரையைப் பார்த்தாள். பல மாதங்களாகப் பார்த்திராத தரை.

“நீங்க என்ன பண்ணீங்க?”

“சொன்னேன். போச்சு.”

“லூசா நீங்க?”

“அப்படித்தான் எங்க குப்பத்துலயும் சொல்வாங்க” என்று ஹேமாவதி வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

வினிதா விடுவதாக இல்லை. டிவி ரிமோட்டை எடுத்து அவள் முதுகைக் குறிவைத்து எறிந்தாள். ஹேமாவதி திரும்பவில்லை. “எங்க வர்ற? சோபால போய் உக்காரு” என்றாள். ரிமோட் பாதி வழியில் தயங்கி, சோபாவில் போய் விழுந்தது. வினிதா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அன்று பள்ளிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமைக்குள் வீடு ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது. பால் பொங்கி வழியவில்லை, குழாய் சொட்டவில்லை. சிவகுமார் தட்டின் முன் உட்கார்ந்தால் அவர் போன் தானாக அணைந்துகொண்டது. ஆனால் துர்காவிடம் எதுவும் நடக்கவில்லை. ஹேமாவதி என்ன சமைத்தாலும் குழந்தை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அவகிட்டயும் சொல்லேம்மா” என்று சிவகுமார் கேட்டார். நடந்ததையெல்லாம் இப்போது அவர் நம்பத் தொடங்கியிருந்தார். “குக்கர்கிட்ட சொன்ன மாதிரி.”

“மனுஷங்க என் பேச்சைக் கேக்க மாட்டாங்க சார். சாமான் சட்டுதான் கேக்கும்.” கொஞ்சம் யோசித்தாள். “தட்டைக் கேட்டுப் பாக்கறேன்.”

எவர்சில்வர் தட்டில் சோறும் பருப்பும் வைத்துத் தரையில் வைத்தாள். “யாருக்கு முதல்ல போகணுமோ அவங்ககிட்ட போ” என்றாள்.

தட்டு அசைந்தது. துர்காவின் பக்கம் போகவில்லை. கூடத்தைத் தாண்டி மெல்ல வழுக்கிக்கொண்டு போய், கூடத்தின் கடைசியில் பூட்டியிருந்த அறைக்கதவில் இடித்து நின்றது.

துர்கா மட்டும் தலையாட்டினாள், சரியான விடையைக் கேட்ட டீச்சர்போல.

“அது யாரு ரூமு சார்?” என்றாள் ஹேமாவதி.

சிவகுமார் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். வினிதாதான் சொன்னாள்.

அம்மாவுக்குப் பதினாறாம் நாள் அந்த அறையில்தான் படையல் போட்டார்கள். படத்துக்கு முன்னால் புதுப்புடவை, பெரிய வாழையிலை, வடை, பாயசம், அம்மாவுக்குப் பிடித்த சமோசா, ஆரஞ்சு ஜூஸ். விளக்கேற்றிக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றார்கள். இறந்துபோனவர்கள் வந்து சாப்பிடும் நேரம் அது. பிறகு மூன்று தடவை தட்டிக் கதவைத் திறந்து, கற்பூரம் காட்டியதும்தான் மற்றவர்களுக்குப் பந்தி. அப்படி நின்றபோதுதான் எத்திராஜ் மாமா கேட்டார், காய்ச்சல் வந்த மூணாவது நாளும் கடையைத் திறந்தியே, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போயிருந்தா என்று. அப்பா மாமாவின் சட்டையைப் பிடித்தார். மாமா அடித்தார். அப்பாவும் அடித்தார். சொந்தக்காரர்கள் விலக்கிவிட்டார்கள். பந்தி நடக்கவில்லை. எல்லோரும் போய்விட்டார்கள்.

“கதவை யாரும் தட்டல. சாயங்காலம் அப்பா வெளிய பூட்டு போட்டுட்டார். சாவியை அரைஞாண்ல கட்டிக்கினார். கேட்டா அடிக்க வராரு.”

ஹேமாவதி துர்காவின் அருகில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“இன்னா கண்ணு, அம்மா சாப்ட்டு முடிக்கலியா?”

“இன்னும் இல்லக்கா.” துர்கா மெதுவாகச் சொன்னாள். “அன்னிக்கு எனக்குப் பசிச்சுது. வடை கேட்டேன். அப்பா, அம்மா சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம்தான் நாமன்னாரு. பால் குடிக்கலாம். பால், பிஸ்கட்டு, பழம்லாம் சாப்பாடு இல்ல.”

“இத்தனை நாளா இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“யாரும் கேக்கல. சாப்டு சாப்டுனுதான் சொன்னாங்க.”

வினிதா எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை முழுவதும் சிவகுமார் கடையிலேயே இருந்தார். ஞாயிறு காலை ஹேமாவதி காபியைக் கொண்டுவந்து அவர் முன் வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

“மாமாக்காரரு மத்தியானம் வந்துடுவாரு சார்.”

“தெரியும்.”

“கொழந்தைக்கு அட்மிசன் போடற நெலமை. ஒரு கதவுதான்.”

“நீயே திறந்துடேன். உன் பேச்சைத்தான் எல்லாம் கேக்குதே.”

“கேட்டுப் பாத்துட்டேன். அந்தக் கதவு மட்டும் என்னைச் சட்டை பண்ணல. சாத்தினவர் பேச்சுக்குத்தான் காத்துகினு கீது.”

சிவகுமார் காபியைத் தொடவில்லை. “ஒன்பது மாசமா அந்த ரூம்லேர்ந்து ஒரு நாத்தம் வரல ஹேமா. ஒரு இலை நிறைய சாப்பாடு. ஒரு எறும்புகூட அந்தப் பக்கம் போகல. கெட்டுப்போகலைன்னா என்ன அர்த்தம்? அவ உள்ளதான் இருக்கா. நான் கதவுல சாஞ்சு உக்காந்தா வளையல் சத்தம் கேக்கும். தட்டினா அவ எழுந்து போயிடுவா. முறை அதுதானே?”

“ஆமா. முறை அதான்.”

“அப்ப அவளை இருக்கச் சொல்லு. உன்னால முடியும்.”

ஹேமாவதி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“என் வூட்டுக்காரரு கடலுக்குப் போய்த் திரும்பி வர்ல சார். மூணாம் நாள் கரையில நின்னு அலையை நில்லுன்னேன். நின்னுச்சு. குப்பமே பாத்துச்சு. ஒரு நாழி நேரம் கடல் தகரம் மாதிரி கெடந்துச்சு. அவரு வர்ல. அப்பதான் வூட்ல ரெண்டு புள்ளைங்க பட்டினியா கெடந்தது ஞாபகம் வந்துச்சு.” காலி டம்ளருக்காகக் கை நீட்டி, அது நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். “குடிங்க. ஆறிப் போவுது.”

அவர் குடிக்கவில்லை. குளிக்கப் போனார்.

எத்திராஜ் பன்னிரண்டரைக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, “துணிமணி எடுத்து வைக்கச் சொல்லு” என்றார். பிறகுதான் துர்காவைப் பார்த்தார். குழந்தையின் மணிக்கட்டைத் தன் இரண்டு விரலுக்குள் பிடித்துப் பார்த்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

சிவகுமார் ஈரத் தலையோடு பூட்டிய கதவின் முன் நின்றுகொண்டிருந்தார். கையில் சாவி.

“மச்சான், அன்னிக்குக் கதவைத் தட்டாம விட்டுட்டோம்.”

எத்திராஜின் முகம் மாறியது. “ஒன்பது மாசமாவா?”

“நான்தான். நீ வந்து நில்லு. தனியா என்னால முடியல.”

கூடத்தில் ஐந்து பேரும் நின்றார்கள். சிவகுமார் பூட்டைத் திறந்தார். நாதாங்கியை நீக்கிவிட்டு விரலை மடக்கி ஒரு முறை தட்டினார். இரண்டாவது தட்டலுக்கு முன்னால் நீண்ட இடைவெளி விட்டார். மூன்றாவது தட்ட முடியாமல் கை அந்தரத்தில் நின்றது. எத்திராஜ் பின்னாலிருந்து அவர் முழங்கையைப் பிடித்தார். இருவருமாகத் தட்டினார்கள்.

“தீபா, திறக்கறோம்மா” என்றார் சிவகுமார்.

கதவு தானாக உள்பக்கம் நகர்ந்தது.

புழுங்கிய காற்று, பழைய ஊதுபத்தி வாசம், அவ்வளவுதான். படத்தில் மாலை சருகாகித் தொங்கியது. விளக்கில் திரி கருகியிருந்தது. ஜூஸ் பாட்டில் காலி. வாழையிலை காய்ந்து பழுப்பாகிக் கிடந்தது. அதில் ஒரு பருக்கைகூட இல்லை. இலை மடிக்கப்பட்டிருந்தது.

கல்யாண வீட்டில் சாப்பிட்டவர்கள் இலையைத் தங்கள் பக்கமாக மடிப்பார்கள். உறவு தொடரட்டும் என்று அர்த்தம். துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிப்பார்கள். இன்னொரு முறை இப்படி வரவேண்டாம் என்று. உள்ளே கிடந்த இலையை உட்கார்ந்தவர் தனக்கு எதிர்ப்பக்கமாக மடித்திருந்தார். ஓரங்கள் சேர்ந்து, கோணாமல்.

“அது அவ மடிப்புதான்” என்று எத்திராஜ் சொன்னார். அப்படியே கதவோரம் உட்கார்ந்துவிட்டார்.

ஹேமாவதி வாசற்படியைத் தாண்டவில்லை. “அன்னிக்கே சாப்ட்டு எழுந்துட்டாங்க சார். கெட்டுப்போறதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல. அதான் நாத்தம் வர்ல.”

துர்கா இலையின் அருகில் குனிந்து பார்த்தாள். கையால் தொடவில்லை.

“அம்மா சாப்ட்டாங்களாப்பா?”

“சாப்ட்டாங்கம்மா.”

“மறுபடி எப்ப வருவாங்க?”

ஒன்பது மாதமாக அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொல்லி வந்தார்கள். சாமிகிட்ட போயிருக்காங்க. தூங்கறாங்க. பேசாம இரு. சிவகுமார் மண்டியிட்டு, குழந்தையின் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுவந்தார்.

“வர மாட்டாங்க துர்கா. அம்மா செத்துப் போயிட்டாங்க.”

குழந்தை அவரையே பார்த்தாள். பிறகு அழத் தொடங்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வந்தபோதுகூட அழாத குழந்தை. அவள் அழுத சத்தத்தைக் கேட்டு மேல்மாடிக் குடித்தனக்காரர்கள் இறங்கி வந்து, எத்திராஜின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

இரண்டரை மணிக்குக் கூடத்தில் இலை போட்டார்கள். கற்பூரத்தை எத்திராஜ் காட்டினார். ஹேமாவதி பரிமாறினாள். துர்கா விம்மிக்கொண்டே ஒரு வாய் எடுத்தாள். மென்று விழுங்க வெகுநேரம் ஆயிற்று. இன்னொரு வாய். நான்காவது வாயில் குமட்டியது. எத்திராஜ் தன் உள்ளங்கையை நீட்டினார். அதில் துப்பிவிட்டு, தண்ணீர் குடித்து, ஐந்தாவது வாய் எடுத்தாள்.

“மெதுவா” என்றார் எத்திராஜ். பிறகு சிவகுமாரைப் பார்க்காமலே, “நான் இன்னிக்குக் கூட்டினு போகல. நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வரேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவேன்” என்றார்.

“வா மச்சான்.”

வினிதா உட்காரவில்லை. திறந்த அறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“அன்னிக்கே முடிச்சுட்டாங்க” என்றாள். “நீங்க ஒரு தடவை தட்டியிருந்தா போதும். இவ ஒன்பது மாசம் பட்டினி கெடந்தாப்பா.”

“ஆமா.”

“உங்களுக்காகத்தான் பூட்டி வெச்சீங்க. எங்களுக்காக இல்ல.”

“ஆமா வினி.”

அவர் வேறு ஏதாவது சொல்வார், கத்துவார், தானும் கத்தலாம் என்று அவள் காத்திருந்தாள்போல. அவர் இலையில் சோறு அப்படியே இருக்கத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

வினிதா வந்தாள். அப்பாவின் பக்கத்தில் போட்டிருந்த இலையை எடுத்துக்கொண்டு எதிர்வரிசைக்குப் போய், தங்கையின் அருகில் போட்டு உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ரசக் கிண்ணத்தை இழுத்துத் தன் சோற்றில் ஊற்றிக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து, அந்தக் கிண்ணத்தை அவர் கைக்கு எட்டும் தூரத்துக்குத் தள்ளி வைத்தாள்.